படிவத்தில் இல்லாத புகையிலை

அன்றைக்கு என் வேனின் பின்பார்வைக் கண்ணாடியில் தெரிந்தவர்கள் மூன்று பேர். மாத்தளையில் வேலை செய்த பல் டொக்டர் மிஸ், மடியில் படிவக் கட்டோடு பீ.எச்.ஐ. ஐயா என்கிற சுகாதாரப் பரிசோதகர், கொழும்பில் ஒரு மாநாட்டுக்கு வந்து அப்படியே எங்கள் பக்கமும் பார்க்க வந்த வங்காளதேசத்து டொக்டர். நான்காவது ஆள் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த நான். அவர்கள் இறங்கிப் போகும்போதெல்லாம் அந்தக் கண்ணாடியைக் கொஞ்சம் திருப்பி என் இடது கன்னத்தின் உட்புறத்தைப் பார்த்துக்கொண்டேன். அங்கே ஒரு வெள்ளைத் திட்டு. தொடக்கத்தில் மிளகாய் விதையளவு இருந்தது, அந்த மாதத்தில் சுண்டுவிரல் நகமளவுக்கு வந்திருந்தது. வீட்டில்கூட யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் அதற்கு ஒரு பெயர் வந்துவிடும் என்று பயம்.

ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். பலாபத்வலயில் வேன் ஓட்டிப் பிழைத்தேன். சுகாதார அலுவலகத்து ஜீப் பழுதாகிக் கிடந்ததால் என் வேனை நாள் வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். சண்டை நின்று, சமாதானம் என்று சொல்லப்பட்ட காலம் அது. சோதனைச் சாவடியில் டொக்டர் மிஸ்ஸின் யாழ்ப்பாண அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது குறைந்திருந்தது. பல நாடுகள் சேர்ந்து புகையிலைக்கு எதிராக ஓர் உடன்படிக்கை செய்திருக்கின்றன, நம் நாடும் கையெழுத்துப் போட்டிருக்கிறது, இனிச் சட்டம் வரும், அதற்கு முன் சனங்களிடம் கேட்டுப் பார்க்க வேண்டும் என்று பீ.எச்.ஐ. ஐயா வழியெல்லாம் விளக்கிக்கொண்டு வந்தார். வெளிநாட்டு டொக்டர் என்றதும் வெள்ளைக்காரர் என்று நினைத்து முதல் நாளே சீட் உறையெல்லாம் துவைத்துப் போட்டிருந்தேன். வந்தவரோ என்னைவிடக் கறுப்பு, கையில் ஒரு பழைய குடை. கடல் தாண்டி வந்த ஒருவருக்கு எங்கள் சனங்களின் வாயில் அப்படி என்ன வேலை என்று எனக்கு ஒரே யோசனை.

ரத்தோட்டை தாண்டி, ரிவர்ஸ்டன் பாதையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் இடத்தில் வேனை நிறுத்தினேன். பெண்கள் கூடையோடு வரிசையில் நின்றார்கள். படிவத்தின் முதல் கேள்வி, “நீங்கள் புகைப்பவரா?” முன்னால் நின்ற வயதானவர், எல்லோரும் பெரியக்கா என்று கூப்பிடுகிறவர், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

“என்னாங்க ஐயா இப்பிடிக் கேக்குறீங்க? பொம்பளைங்க நாங்க போயி பீடி குடிப்பமா?”

“எம் புருசன்கிட்ட கேளுங்க, அவரு எனக்கும் சேத்தே ஊதுறாரு” என்றாள் பின்னால் ஒருத்தி.

பீ.எச்.ஐ. ஐயா வரிசையாக ‘இல்லை’ என்று எழுதிக்கொண்டு போனார். ‘இல்லை’ வந்தால் அடுத்த கேள்விகள் கிடையாது, அந்தத் தாள் அதோடு முடிந்தது. சொன்னவர்களின் கன்னம் ஒவ்வொன்றும் புடைத்திருந்தது. வேன் ஓரத்தில் நின்ற எனக்கு அது தெரியாமலா இருக்கும்? என் கன்னத்திலும் அதே வெற்றிலை, அதே புகையிலைத் துண்டு. எடுத்துச் சொல்ல நாக்கு வரை வந்தது. சொன்னால் என் வாயைப் பார்ப்பார்கள் என்று விழுங்கிக்கொண்டேன்.

வங்காளதேசத்து டொக்டர் கொஞ்ச நேரம் குடையை ஊன்றிக்கொண்டு பார்த்தார். பிறகு பெரியக்காவிடம் போய்க் கையை நீட்டினார். வெற்றிலை கேட்கும் கை எந்த ஊரிலும் ஒன்றுதான் போலிருக்கிறது. அக்கா சந்தோஷமாக இடுப்புச் சுருக்குப் பையை அவிழ்த்துக் கொடுத்தார். டொக்டர் வெற்றிலையைத் தொடவில்லை. அடியில் இருந்த கறுப்புத் துண்டை எடுத்து மோந்து பார்த்து, பீ.எச்.ஐ. ஐயாவின் படிவத்தில் ‘இல்லை’ என்று எழுதியிருந்த இடத்திலேயே வைத்தார். இங்கிலீஷில் மெதுவாக ஏதோ சொன்னார். டொக்டர் மிஸ் எங்களுக்குத் தமிழில் சொன்னா.

“இவரின்ரை அம்மாவும் புகைக்கிறேல்லையாம். வாயில புற்று வந்துதான் செத்தவவாம்.”

சிரிப்பு நின்றுவிட்டது. தராசுக்காரர்கூட நிறுப்பதை விட்டுவிட்டார். டொக்டர் மிஸ் கைப்பையிலிருந்து ஒரு சின்ன டோர்ச்சை எடுத்து, “எல்லாரும் ஒருக்கா வாயைக் கொப்பளிச்சுப்போட்டு வாங்கோ, பாப்பம்” என்றா. ஒருவரும் அசையவில்லை. ஆம்பிளைகள் முன்னால் வாயைப் பிளந்து காட்ட யாருக்குத்தான் மனம் வரும்? அப்போதுதான் பெரியக்கா என்னைப் பார்த்தார்.

“மொதல்ல டைவர் தம்பி காட்டட்டும்! காலையில வந்ததுல இருந்து அவரும்தான் ஆடு மாதிரி மென்னுக்கிட்டு நிக்கிறாரு.”

எல்லோரும் சிரித்தார்கள். தப்பிக்க வழியில்லை. துப்பிவிட்டு, கொப்பளித்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தேன். டோர்ச் வெளிச்சம் கன்னத்தில் சூடாகப் பட்டதாக நினைவு. சின்ன டோர்ச்சுக்கு ஏது சூடு, பயம்தான்.

“எத்தினை மாசமா இருக்கு இது?”

“ஆறு மாசம் இருக்குங்க மிஸ்.”

“தெரிஞ்சுகொண்டோ இவ்வளவு நாளும் இருந்தனீர்?”

என் முகத்தைப் பார்த்த பெரியக்கா கூடையை இறக்கி வைத்துவிட்டு எனக்கு அடுத்ததாக வந்து நின்றார். அவருக்குப் பின்னால் மற்றவர்களும் வந்தார்கள்.

திரும்பி வந்து இறங்கும்போது டொக்டர் மிஸ் ஒரு துண்டுச் சீட்டு எழுதித் தந்து, இந்தக் கிழமைக்குள் பேராதனைப் பல் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னா. ஒரு நாள் ஓட்டம் போனால் கஷ்டம் மிஸ் என்று இழுத்தேன். உண்மையில் காசு அல்ல, பயம். அவவுக்கு அது விளங்கியிருக்க வேண்டும். நாள் கூலி, பஸ் காசு, மதியச் சோறு என்று விரல் விட்டு எண்ணி என் கையில் வைத்தா.

“இது சும்மா தாற காசில்லை. கடன். என்ன சொன்னவையெண்டு சொல்லி, நேரில வந்துதான் திருப்பித் தரவேணும். ஆரிட்டயும் குடுத்துவிடக் கூடாது.”

கடன்பட்டவன் என்பதற்காகவே போனேன். சதையில் துண்டெடுத்துப் பார்த்து, இன்னும் புற்றாகவில்லை, ஆகக்கூடியது என்று சொல்லித் திட்டை வெட்டி எடுத்தார்கள். வெற்றிலையை அன்றோடு விட்டேன். காசைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது அவ இடமாற்றம் கேட்டு வடக்கே கிளிநொச்சிப் பக்கம் போய்விட்டிருந்தா. பாதை திறந்துதான் இருந்தது. என் வீட்டு வாசலில் ஓடும் அதே ஏ ஒன்பது ரோட்டில் நேரே போயிருக்கலாம். ஆனால் அந்தத் திட்டு திரும்பவும் வரக்கூடும், பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அரைகுறைச் செய்தியோடு எப்படிப் போவது, முழுக்கச் சரி என்று சொன்ன பிறகு போகலாம் என்று தள்ளிப்போட்டேன். அவர்கள் இனி வரத் தேவையில்லை என்று சொன்ன மாதத்தில் மறுபடி சண்டை தொடங்கி, வழியில் ஓமந்தையில் பாதையை மூடிவிட்டார்கள்.

இடையில் சட்டம் வந்தது. கடைகளில் சிகரெட் விளம்பரப் பலகைகளைக் கழற்றினார்கள். வெற்றிலைக் கூறில் புகையிலை வைத்து விற்பதற்குத் தடை வர இன்னும் பல வருஷம் சென்றது. ஆனால் அடுத்த முறை வந்த படிவத்தில், வெற்றிலையோடு புகையிலை போடுவீர்களா என்று ஒரு வரி இருந்ததைப் பீ.எச்.ஐ. ஐயா காட்டினார். அந்த வரியை நான் விரலால் தடவிப் பார்த்தேன். அது எங்கள் தோட்டத்துத் தராசடியிலிருந்து போனதா, இல்லை அவர்களுக்கு முன்பே தெரிந்திருந்ததா? இன்றுவரை அறிய ஆசை. கேட்க வேண்டிய டொக்டர் மிஸ் எங்கே என்று தெரியவில்லை. சண்டை முடிந்து பாதை திறந்ததும் கிளிநொச்சி வரை போய் விசாரித்தேன். சண்டையின் கடைசி மாதங்களில் காயக்காரர்களோடு கடற்கரைப் பக்கம் போனதாக ஒருவர் சொன்னார். கனடாவில் இருப்பதாக இன்னொருவர் சொன்னார். நான் கனடாவைத்தான் நம்புகிறேன்.

இப்போது ஓட்டுவது வேறு வேன், கண்ணாடியும் வேறு. காலையில் அதைத் திருப்பிக் கன்னத்தைப் பார்க்கும் பழக்கம் மட்டும் போகவில்லை. வெட்டிய இடத்தில் ஒரு மெல்லிய கோடு தெரியும். பார்த்துவிட்டு, வாகனப் பத்திரம் வைத்திருக்கும் உறையைத் தொட்டுப் பார்ப்பேன். அதற்குள் தனியே மடித்து வைத்திருக்கிறேன், டொக்டர் மிஸ்ஸுக்கு நேரில் கொடுக்க வேண்டிய முந்நூற்று நாற்பது ரூபாய்.