வேணி மேடத்தின் வார்த்தைக் கணக்கு

வேணியைப் பார்த்தால் டாக்டர் பட்டம் வாங்கியவள் என்று சொல்ல மாட்டீர்கள். பெரம்பலூர் பக்கத்துத் தனியார் இன்ஜினியரிங் காலேஜில் கணக்கு மேடம். வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. பட்டத்துக்காக அவள் மண்டையை உடைத்துக்கொண்டது இதில்தான்: மனுஷன் எதையும் எண்ணால் எடை போடுவதில்லை, ‘நல்லா இருக்கு’, ‘சுமார்’, ‘மோசம்’ என்று வாயால்தான் சொல்கிறான். ‘சுமார்’ எங்கே முடிந்து ‘நல்லது’ எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிக்கவும் முடியாது. அந்த மங்கலோடேயே வார்த்தைகளைக் கணக்கில் ஏற்றி, பல விஷயங்களையும் சேர்த்துப் பார்த்து, எது தேவலாம் என்று முடிவுக்கு வர வேண்டும். எண்ணுக்கு ஈரம் கிடையாது, வார்த்தைக்கு உண்டு என்று நம்பினாள், பாவம்.

போன வருஷம் காலேஜில் சேர்க்கை படுத்துவிட்டது. கணக்குத் துறையில் ஒருவரை வீட்டுக்கு அனுப்பியாக வேண்டும். பிரின்சிபால் மணிவண்ணன் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்கிற ஆளா? வேணியைக் கூப்பிட்டு, உங்க முறையிலேயே பண்ணிடலாம், நியாயமா இருக்கும் என்றார். அவளும் மயங்கித் தலையாட்டினாள். புஷ்பவல்லி அக்காவை இது காப்பாற்றும் என்ற நினைப்பு அவளுக்கு. அக்கா ஜெயங்கொண்டத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள், அதே துறை. அரியர் வைத்த பிள்ளைகளை அவளிடம் விட்டால் எப்படியும் தேற்றிவிடுவாள். அவள் சம்பளத்தில்தான் வீடே ஓடியது.

மற்றத் துறைத் தலைவர்கள் மூன்று பேர், கணக்குத் துறையில் வேணி உட்பட எல்லோருக்கும் வார்த்தை போட்டார்கள். பாடம், ஆராய்ச்சி, அப்புறம் கோடையில் ஊர் ஊராகப் போய்ப் பிள்ளை பிடித்துச் சேர்ப்பது. அக்காவுக்குப் பிள்ளை பிடிப்பதில் ‘மோசம்’. பொய் சொல்ல அவளுக்கு நாக்கு வராது. எது எவ்வளவு முக்கியம் என்பதைத் தாளாளர் சொன்னார். அதைக் கேட்டதும் வேணி கணக்கைப் போட்டுப் பார்த்தாள், அக்கா பேர்தான் வந்தது. மணிவண்ணனிடம் போய், தாளாளர் ஒரு வார்த்தையை ஒரு படி ஏற்றினாலே அக்கா தப்பித்துவிடுவாள் என்றாள். அப்போ அடுத்து யாருக்கு வரும்னும் நீங்களே சொல்லிடுங்க என்று அவர் சிரித்தார். அடுத்து வேணிதான். வந்த வழியே திரும்பிவிட்டாள்.

கடைசி நாள் சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் அக்கா கேட்டாள்.

“பாடம் நடத்துறதுக்கு எனக்கு என்னடி போட்டாங்க?”

“மிக நன்று. மூணு பேருமே, அக்கா.”

“அப்புறம் ஏன்?”

“பாடம் நடத்துறது எவ்வளவு முக்கியம்னு தாளாளரைக் கேட்டோம். ‘கொஞ்சம்’னுட்டாரு.”

பஸ் வந்ததும் அக்கா ஏறிப் போய்விட்டாள். கணக்கில் ஒரு தப்பும் இல்லை என்பதுதான் வேணியை இன்றைக்கும் அரிக்கிறது.

இந்த மே மாத வெயிலில் வேணி ஆண்டிமடம் பக்கம் வீடு வீடாக ஏறி இறங்கினாள். ஒரு வீட்டில் சின்னம்மாள் என்று ஒரு அம்மா. முந்திரி உடைத்து உடைத்து விரலெல்லாம் கருத்துக் கிடந்தது. மகளைச் சேர்ப்பதற்கு முன்னால் அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“அங்க பாடமெல்லாம் நல்லா சொல்லிக் குடுப்பாங்களா டீச்சர்?”

“ரொம்ப நல்லா சொல்லிக் குடுப்பாங்கம்மா” என்றாள் வேணி.