அத்தை சொன்ன பெயர்

புருஷன் பெயரைப் பெண்டாட்டி சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் பலர். அந்தப் புருஷன் காணாமல் போனால் எப்படித் தேடுவது என்று ஒருத்தரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

கல்யாணமான மறுவருஷமே என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் சேர்ந்து கப்பலேறிவிட்டார். சிங்கப்பூர் ஜப்பான்காரன் கைக்குப் போன பிறகு ஒரு தந்தி வந்தது. ஆளைக் காணவில்லை, அவ்வளவுதான். செத்தார் என்றும் இல்லை, இருக்கிறார் என்றும் இல்லை. சண்டை முடிந்த பிறகும் சேதி வரவில்லை. ஓடைப்பட்டியில் மாமனார் இறந்துவிட்டதால் எங்கள் வீட்டுக்குப் பெரிய மனுஷர் அவருடைய தம்பி. "இன்னும் எத்தன நாளைக்குப் பாக்குறது? வர்ற அமாவாசையில காரியத்த முடிச்சிருவோம்" என்று அவர் சொல்லிவிட்டார். என் தாலியை அறுப்பதும் அந்தக் காரியத்தில் சேர்த்தி. அமாவாசைக்கு ஆறு நாள்தான் இருந்தது.

அந்த வாரம் பருத்தி எடுக்க வந்த ஒருத்தி, ராயப்பன்பட்டிக்காரர் ஒருவர் ஜப்பான்காரனிடம் பிடிபட்டிருந்து உயிரோடு திரும்பியிருப்பதாகச் சொன்னாள். அதே பட்டாளம். என் மாமியார் காதில் அது விழுந்தது. நான் அவரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். எங்களுக்குள் ஒத்துப்போனதில்லை. என் கால் பட்ட நேரம்தான் பிள்ளை போய்விட்டான் என்று என் காதுபடவே பேசுவார். ஆனால் மறுநாள் விடிந்ததும், "சின்னமனூருக்குச் சாமான் வாங்கப் போறோம்" என்று அக்கம்பக்கத்தில் பொய் சொல்லிவிட்டு என்னைக் கிளப்பிக்கொண்டு போனார். ஆண்துணை கூப்பிடவில்லை. கூப்பிட்டால் மாமனாரின் தம்பிக்குத் தெரிந்துவிடும், அவர் தடுத்துவிடுவார்.

அத்தையின் மடியில் ஒரு போட்டோ இருந்தது. என் வீட்டுக்காரர் பட்டாளத்து உடுப்பில் எடுத்து அனுப்பியது. அதைக் காட்டினால் போதும், வாயைத் திறக்க வேண்டாம் என்பது அத்தையின் யோசனை. நானும் சரி என்றுதான் நினைத்தேன். எங்களைப்போல அறிவாளிகள் எங்கள் பக்கம் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

கரி போட்டு ஓடும் பஸ் மேட்டில் நின்று நின்று உத்தமபாளையம் போய்ச் சேர்ந்தது. அங்கிருந்து வெயிலில் நடந்தோம். ராயப்பன்பட்டி மாதா கோயிலில் உச்சி மணி அடிக்கும்போது, திரும்பி வந்தவர் வீட்டு வாசலில் நின்றோம். அவருடைய அம்மா உள்ளே கூட்டிப்போனார். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவர் எலும்பும் தோலுமாக இருந்தார். அத்தை போட்டோவை எடுத்து அவர் முகத்துக்கு நேராக நீட்டினார். அவர் வாங்கவில்லை.

"எம்மகனுக்குக் கண்ணு தெரியாது ஆத்தா. ஜப்பான்காரன் கொண்டுபோயி வச்சிருந்த தீவுல இருந்தப்பவே போயிருச்சு" என்றார் அவருடைய அம்மா.

"யாரத் தேடி வந்தீக? பேரச் சொல்லுங்க" என்றார் அவர்.

நான் அத்தையைப் பார்த்தேன். அத்தை என்னைப் பார்த்தார். நான் சொல்லக்கூடாது என்பது சரி, பெற்றவள் சொல்ல என்ன தடை என்று கேட்கலாம். எங்கள் பக்கம் தாத்தா பெயரைத்தான் தலைப்பிள்ளைக்கு வைப்பார்கள். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது. அதனால் அத்தை தன் மகனை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஐயா" என்றுதான் கூப்பிடுவார்.

"எங்க குலசாமி பேருதான்யா" என்றார் அத்தை.

"நாங்க வேதக்காரக. ஒங்க குலசாமி எனக்கு எப்படித்தா தெரியும்?"

"ஓடைப்பட்டிக்காரரு. ஒசரமா இருப்பாரு" என்றேன் நான்.

"அங்கன ஒசரமா எத்தனையோ பேரு இருந்தாகம்மா. ஊரச் சொல்லி யாரும் கூப்பிடல. பேருதான்."

அவர் இருமத் தொடங்கினார். அவருடைய அம்மா தண்ணீர் கொடுத்துவிட்டு, இனிமேல் தொந்தரவு செய்யாதீர்கள் என்பதுபோல எங்களைப் பார்த்தார். இப்படியே எழுந்து போனால் அமாவாசை வந்துவிடும். சொன்னால், எங்கேயோ ஒரு காட்டில் மிச்சமிருக்கிற என் வீட்டுக்காரரின் உயிரை நானே குறைத்தவளாவேன். தாலியை இறுகப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தேன்.

அத்தை பட்டென்று என் வாயைப் பொத்தினார். "நீ சொல்லாத புள்ள. நாளைக்கு அவனுக்கு ஒண்ணுன்னா நீ தாங்க மாட்ட. எந்தலையில விடியட்டும்."

பிறகு அத்தை கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பெயரைச் சொன்னார். பழக்கமில்லாததால் பாதியில் குரல் உடைந்து, மறுபடி முழுதாகச் சொன்னார்.

அந்த மனிதர் சுவரை விட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்புறம், "அந்த அண்ணனா" என்றார். "எனக்குப் பக்கத்துலதான் படுத்திருப்பாக. 'எங்க வீட்டுல எம்பேர ஒருத்தரும் சொல்ல மாட்டாக, பட்டாளத்துக்கு வந்துதான் எம்பேர நானே கேக்குறேன்'னு சொல்லிச் சிரிப்பாக." அவர் அத்தை இருந்த பக்கம் கையை நீட்டித் துழாவினார். "காய்ச்சல்ல போயிட்டாக ஆத்தா. ரெண்டு வருசத்துக்கு மேல ஆச்சு. அப்ப எனக்குக் கண்ணு இருந்துச்சு. குழி வெட்டுனதுல நானும் ஒருத்தன்."

ரெண்டு வருஷம். இல்லாத ஆயுசைக் குறைத்துவிடுவேனோ என்று ரெண்டு வருஷமாக நான் வாயைக் கட்டிக்கொண்டு கிடந்திருக்கிறேன். உயிரோடு இருந்த காலத்தில், அவர் கேட்க ஆசைப்பட்ட ஒன்றை ஒருதரம்கூட நான் கொடுக்கவில்லை. அழுகைக்கு முன்னால் எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

திரும்பும் வழியில் அத்தை முன்னால் நடந்தார். வயல்காட்டில் வேலை செய்தவர்கள் நிமிர்ந்து பார்க்கும்படி, மகன் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதுகொண்டே போனார். பிறகு நின்று என் கையைப் பிடித்தார்.

"நீயும் சொல்லு புள்ள. இனிமே அவனுக்கு ஒண்ணும் ஆகாது."

வாயைத் திறந்தேன். வரவில்லை. இதை எழுதும்போதும் வரவில்லை.