சித்தப்பா கொட்டாத உரம்

சூப்பர் பாஸ்பேட் உர மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு சித்தப்பா குளக்கரையிலிருந்து திரும்பி வந்த காலை இன்னும் கண்ணில் நிற்கிறது. அதுவரை மூட்டைகள் கடையிலிருந்து குளத்துக்குத்தான் போகும். அன்றுதான் ஒன்று எதிர்த் திசையில் வந்தது. மீன் குத்தகை எடுத்த நாளிலிருந்து அதையும் கோழி எருவையும் அவர் குளத்தில் போட்டுவந்தார். தண்ணீர் லேசாகப் பச்சை பிடித்தால் கட்லாவும் ரோகுவும் கொழுக்கும் என்பது குத்தகைக்காரர்களின் கணக்கு. ஆனால் பச்சை லேசாக நிற்கவில்லை. ஒரு கோடையில் குளம் கூழாகி நாறியது, குளித்தவர்களுக்குச் சொறி வந்தது. ஊர்க்கூட்டத்தில், இனி ஒரு பிடிகூடப் போடமாட்டேன் என்று சொன்னவர், மறுநாளே மிச்சமிருந்த மூட்டையைக் கடையில் திருப்பிக் கொடுக்கக் கிளம்பிவிட்டார். எல்லோரும் பார்க்கட்டும் என்றே தெரு வழியாக நடந்தார்.

அடுத்த பங்குனியில் குளம் மறுபடியும் பச்சையானது.

ராத்திரியில் கொட்டுகிறார் என்றது ஊர். அவர் கொட்டவில்லை. நான் அவர் வீட்டு மாடியில் குடியிருந்தவன், எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்துகிறவன் என்பதால் காரணமும் தெரியும். வருஷக்கணக்காக அவர் போட்டது, வயல்களிலிருந்து வடிந்து வந்தது, வீடுகளின் சோப்புத் தண்ணீர் எல்லாவற்றிலும் இருக்கும் பாஸ்பரஸ், குளம் நிரம்பி வழியும் மறுகால் வழியாக முழுதும் வெளியே போய்விடுவதில்லை. பெரும்பகுதி அடிச்சேற்றிலுள்ள இரும்போடு ஒட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிடும். கோடையில் தண்ணீர் குறைந்து, சூடேறி, அடியில் ஆக்சிஜன் இல்லாமல் போனால் சேறு அதை விட்டுவிடும். பாசி அதைத் தின்று பெருகும். மேலே போடுவதை நிறுத்தினாலும் கீழிருந்து வருவது நிற்க வருஷங்கள் பிடிக்கும்.

இதை ஊருக்குப் புரியவைக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. இரண்டு கண்ணாடி ஜாடியில் குழாய்த் தண்ணீர் ஊற்றி, ஒன்றில் மட்டும் குளத்துச் சேற்றைப் போட்டு வெயில்படும் ஜன்னலில் வைத்தேன். சேறு போட்டது பச்சையானது. பெருமையாகத் தூக்கிக்கொண்டு ஊர்த்தலைவரிடம் போனேன்.

"குளத்துச் சேத்துல குளத்துப் பாசிதானே வரும் சாரே. அவரு ராத்திரி கொட்டலன்னு இந்த ஜாடி எப்பிடிச் சொல்லும்?" என்றார்.

ஜாடியை அங்கேயே போட்டு உடைக்கலாம் போலிருந்தது.

மறுபடி கூட்டம். தலைவர் கெட்டவரில்லை, வழி ஒன்று கொடுத்துப் பார்த்தார். "வேய், சத்தியம் பண்ண நீரு கோயில் நடைக்கெல்லாம் வரண்டாம். உம்ம வேதப்புத்தகத்துல கை வச்சு, கொட்டலன்னு ஒத்த வார்த்தை சொல்லும். நாங்க நம்புகோம்."

சித்தப்பா எழுந்து நின்றார். "கொட்டலன்னு சொல்லியாச்சி. சத்தியம் பண்ணப்பிடாதுன்னு வேதத்துலயே இருக்கு. நான் பண்ணமாட்டேன்." அவ்வளவுதான். பின்னாலிருந்து யாரோ, "செஞ்சிருக்காரு, அதான் பயம்" என்றார்கள். குத்தகை போனது. அதைவிடப் பெரிதாக, அவருடைய சொல் போனது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் நான் கத்தினேன். "ஒரு நிமிஷம் கைய வச்சா என்ன கொறஞ்சிரும் சித்தப்பா?"

"பொறந்ததுல இருந்து இவனுவ கூடத்தானே கெடக்கேன் மக்கா. நான் சொன்னது போதாதா?"

இன்றுவரை எனக்குக் கோபம் இருக்கிறது, ஊர்மேலும் அவர்மேலும். அதன்பிறகு சர்ச்சுக்குக்கூட அவர் குளக்கரை வழியாகப் போகவில்லை, சுற்றுப்பாதையில் போனார். சேற்றை வாருங்கள் என்று நான் எழுதிய மனுக்களுக்கு ஒருமுறை பலன் கிடைத்தது. வந்த அரசு ஆட்கள் சேற்றைத் தொடவில்லை. மேலே மிதந்த ஆகாயத்தாமரையை வாரிக் கரையிலேயே குவித்துவிட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். அது அழுகி, அடுத்த மழையில் அத்தனையும் குளத்துக்கே வடிந்தது. ஒவ்வொரு கோடையிலும் குளம் பச்சையாகும், ஒவ்வொரு கோடையிலும் சித்தப்பா பெயர் அடிபடும்.

போன வருஷம் மழைக்காலத்தில் அவர் இறந்துபோனார். ஊரே வந்தது, தலைவர்தான் பெட்டிக்கு முதல் தோள் கொடுத்தார்.

இந்தப் பங்குனியிலும் குளம் பச்சைதான். நேற்று டீக்கடையில் தலைவர் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"பாத்தியளா சாரே, திரும்பவும் பச்சை. அவரும் போய்ச் சேந்தாச்சி. இப்போ எவன் கொட்டுகான்?"

கேலி இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.