புள்ளி இல்லாத சூரியன்

கொரோனாவுக்கு முந்தைய சீசன். கொடைக்கானலில் ஒரு விடுதியின் புல்தரையில், வரும் விருந்தினர்களுக்குச் சூரியன் காட்டுவது என் வேலை. தொலைநோக்கி என்னுடையது. அதிலிருந்து விழும் பிம்பத்தைப் பிடிக்க எதிரே ஒரு வெள்ளை அட்டை. மேகம் ஏறுவதற்குள் காட்டி முடித்துவிட வேண்டும். இயற்பியல் படித்துவிட்டு எங்கள் மலைக்கிராமமான கூக்காலில் பூண்டு உரித்துக்கொண்டிருக்க எனக்கு விருப்பமில்லை. வீட்டில் ஒரே நிபந்தனை: சீசன் முடியும்வரை வேலையில் தாக்குப்பிடிக்க வேண்டும். இல்லையென்றால் ஊருக்கு வந்து, அவர்கள் பார்த்து வைத்திருக்கும் மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்ட வேண்டும்.

அந்த நேரம் பார்த்துச் சூரியன் கையை விரித்துவிட்டது. ஏறக்குறைய பதினோரு வருஷத்துக்கு ஒருமுறை அதன் கரும்புள்ளிகள் பெருகிக் குறையும். அந்த வருஷம் அடிமட்டம். அட்டையில் தினமும் வெறும் வட்டம்தான் விழுந்தது. "இவ்வளவுதானா?" என்று கேட்காத விருந்தினர் இல்லை.

மேனேஜர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"கெஸ்ட்டெல்லாம் ரிவ்யூல திட்டுறாங்கம்மா. அட்டையில மார்க்கரால சின்னதா ஒரு புள்ளி வச்சிருங்க. யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும் சார்."

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. புள்ளி இல்லாவிட்டால் சூரியன் சும்மா கிடக்கிறது என்று யார் சொன்னது? அமைதியான இடத்திலும் அது உலை மாதிரி கொதிக்கிறது. ஒவ்வொரு குமிழியும் தமிழ்நாட்டின் நீளத்தைவிட அகலமாக எழும், சில நிமிஷங்களில் அடங்கும். பொட்டு வைத்துச் சிங்காரித்து நிறுத்த அது என்ன பெண் பார்க்கும் சடங்கா?

மறுநாள் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினால், வட்டத்தின் நடுவே ஒரு கறுப்புப் புள்ளி. மேனேஜர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். வத்தலக்குண்டிலிருந்து வந்த ஒரு குடும்பம் அதைப் படம் எடுத்துக்கொண்டிருந்தது.

"மேடம் எக்ஸ்பிளைன் பண்ணுவாங்க," என்றார் மேனேஜர்.

நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். பூமி சுற்றுவதால், தொலைநோக்கியை அடிக்கடி நகர்த்தாவிட்டால் பிம்பம் அட்டையை விட்டு விலகிவிடும். அன்று நான் நகர்த்தவில்லை. வட்டம் மெல்ல நழுவியது. புள்ளி அதன் ஓரத்துக்கு வந்து, பிறகு வெளியே நின்றது.

அந்தக் குடும்பத்துப் பெரியம்மாதான் முதலில் கேட்டார்.

"ஏங்க, சூரியன் போயிருச்சு, புள்ளி மட்டும் இங்கனயே கெடக்கே?"

"அது சூரியனோடது இல்லங்க. சார் வச்சது."

யாரோ சிரித்தார்கள். மேனேஜர் முகம் கறுத்தது.

"சாமானக் கட்டும்மா. நாளையில இருந்து வர வேணாம்."

"கட்டுறேன் சார். இவங்களுக்குச் சூரியனக் காட்டிட்டு."

அட்டையைத் திருப்பி மாட்டி, வெறும் வட்டத்தைக் கொண்டுவந்து நிறுத்தினேன். கொதிப்பதைப் பற்றியெல்லாம் சொன்னேன். பெரியம்மா நகரவே இல்லை.

அன்று அம்மா போனில் அழுதாள். "சோலியும் போச்சு. வெரசா வீட்டுக்கு வந்துரு."

"வரமாட்டேன்," என்றேன். பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் மறுநாளே ஏரிக்குப் போகும் வழியில், தொலைநோக்கியோடு ஒரு டீக்கடை ஓரத்தில் இடம் கேட்டு நின்றேன். இன்றும் அங்கேதான் நிற்கிறேன்.

இப்போது சூரியன் முகமெல்லாம் புள்ளி. போன சீசனில் மேனேஜர் கூப்பிட்டார்.

"பழச மனசுல வச்சுக்காதீங்கம்மா. கெஸ்ட்டெல்லாம் சன்ஸ்பாட் கேக்குறாங்க. வந்துருங்களேன்."

"வர்றேன் சார். ஒரு புள்ளிகூட இல்லாத காலம் திரும்ப வரும். அப்பக் கூப்பிடுங்க."