இடுப்பளவு மணல்

எழுதுவதற்கு உனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்கலாம். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் ஓரமாக நின்றுவிட்டு வந்துவிடுகிறவள் நான். அப்படிப்பட்டவள் ஆற்றங்கரை நடையைப் பற்றி எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான். வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நாங்கள் இருப்பது ராஜபாளையத்துக்கு மேற்கே, ஊர் முடிந்து மாந்தோப்புகள் தொடங்கும் இடத்தில். நான் மில்லில் நூல் சுற்றும் வைண்டிங் பிரிவில் வேலை பார்க்கிறேன். என் கணவர் லாரி ஓட்டியவர். இரண்டு வருஷத்துக்கு முன் வாதம் வந்து அவருக்கு இடது கையும் இடது காலும் விழுந்துவிட்டன. கை வரவே இல்லை. கால் மட்டும் இழுத்து இழுத்து நடக்கிற அளவுக்கு வந்தது. தினமும் நடக்கச் சொன்னார் டாக்டர்.

வீட்டுக்குள் அவருக்கு எதற்கெடுத்தாலும் கோபம். வலது கைக்கு எட்டியதெல்லாம் பறக்கும். தம்ளர், டிவி ரிமோட், ஒரு தடவை சுடுகஞ்சியோடு கிண்ணம். அது என் காதோரம் கிழித்துத் தையல் போட வேண்டியதாயிற்று. மில்லில் கேட்டவர்களிடம் குளியலறையில் வழுக்கி விழுந்தேன் என்று சொன்னேன்.

நடக்கக் கிளம்பிவிட்டால் அந்தக் கோபம் எங்கே போகும் என்று தெரியாது. வலது கையை என் தோளில் போட்டுக்கொண்டு பேசாமல் வருவார். வெயில் ஏறுவதற்கு முன் தோப்புகளுக்கு நடுவே போகும் வண்டித்தடத்தில் நடப்போம். காட்டுப்பன்றிகள் இரவில் முட்டிக் கிளறிய வரப்பு குடல் சரிந்ததுபோலக் கிடக்கும். ஒரு நாள் பருந்து ஒன்று பாம்பைக் காலால் அமுக்கிக்கொண்டு உயிரோடு கிழித்துத் தின்றது. அவர் நின்று முழுவதையும் பார்த்தார். “சாகுற வரைக்கும் கடிக்கப் பாக்குது பாரு” என்றார். தடம் முடிகிற இடத்தில் ஆறு. மழைக்காலம் தவிர மற்ற நாளில் பாறைகளும் மணலும்தான். நடுவில் கொஞ்சம் தண்ணீர் நெளிந்து போகும்.

மணல் வைத்தியத்தைச் சொன்னது மடவார் வளாகம் என்கிற ஊரில் இருக்கும் என் பெரியம்மா மகள். “எங்க வீட்டுக்காரவுகள ஆத்து மணல்லதான் இடுப்பு வரைக்கும் பொதச்சு வச்சோம். இன்னைக்கு மாடிப்படி ஏறுதாவ” என்றாள். எங்கள் பக்கத்தில் இது பலரும் செய்வதுதான். காலை வெயிலில் சூடேறிய மணலில் குழி பறித்து, காலை நீட்டி உட்காரவைத்து, இடுப்பு வரை மூடிவிட வேண்டும். சூடு நரம்பில் இறங்கும் என்பார்கள். டாக்டரிடம் நாங்கள் கேட்கவில்லை. எனக்கு விடுமுறையான ஞாயிற்றுக்கிழமைகளில் அவரைப் புதைத்துவிட்டு நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். சில வாரங்களில் இடது கால் பெருவிரல் லேசாக அசைந்தது. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் அழுதோம். அதற்குப் பிறகு ஒரு ஞாயிறுகூடத் தவறவில்லை.

அங்கே ஆடு மேய்க்கிற ஒரு அம்மா எங்களுக்குப் பழக்கம். என் கணவரைவிட மூத்தவள். அவரைக் கொழுந்தனார் என்று கூப்பிட்டுக் கேலி செய்வாள். மழை தள்ளிப்போன அந்த ஐப்பசி ஞாயிற்றுக்கிழமையும் அக்கரையில் நின்று, “என்ன கொழுந்தனாரே, நட்டாச்சா? எப்பம் மொளைக்கும்?” என்றாள்.

“ஒன் ஆடு மேயாம இருந்தா மொளைக்கும் மதினி.”

“ஆடு மோந்து பாத்துட்டு ஓடிருச்சே. பீடி நாத்தம்” என்று சிரித்தவள், மலையைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினாள். “மேக்க கறுத்துக் கெடக்கே. இன்னைக்கு வேண்டாம், வெரசா எந்திரிங்க.”

“அது வத்திராயிருப்புப் பக்கம் பெய்யுது. நான் ஓட்டாத ரோடா, பாக்காத மழையா?” என்றார் அவர். எங்கள் தலைக்கு மேல் வெயில் அடித்தது. நானும் அவர் சொன்னதையே நம்பினேன். இன்னும் செத்த நேரம் இருந்தால் இன்னொரு விரல் அசையும் என்று எனக்கு ஆசை.

முதலில் வந்தது வாடை. கிளறிய சேறும் அழுகிய இலையும் கலந்த வாடை. பிறகு மேட்டில் லாரி கியர் மாற்றி ஏறுவதுபோல ஒரு சத்தம். “லாரி எங்கிட்டு வருது?” என்றார் அவர். அக்கரையில் மேய்ந்த ஆடுகள் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கின. ஆட்டுக்காரம்மா அலறினாள். “தண்ணி வருது! தோண்டுட்டி! அவியளத் தோண்டு!”

வளைவில் வந்தது தண்ணீர் மாதிரியே இல்லை. நுரையும் சருகும் மரக்கட்டையும் ஒன்றாக உருண்டு வந்தன. நான் இரண்டு கையாலும் மணலை வாரினேன். அதற்குள் ஓரத்தண்ணீர் வந்து தொட்டது. உலர்ந்திருந்த மணல் நனைந்ததும் சிமெண்ட் போல அவர் காலைப் பிடித்துக்கொண்டது. வாரிய குழி வார வார நிரம்பியது. நகம் பிய்ந்தது. அவரால் காலை உதறவும் முடியவில்லை.

“போயிரு” என்றார். “ஏட்டி, என்னய விட்டுட்டு ஓடு!” வலது கையால் என் நெஞ்சில் குத்தித் தள்ளினார். நான் மல்லாக்க விழுந்தேன். எழுந்து அவர் கன்னத்தில் ஓங்கி அறைந்தேன். கல்யாணமான நாளிலிருந்து வாங்க போங்க என்று பேசியவள், “எம்புலே! செத்துப்போவ, எம்புலே!” என்று கத்தினேன்.

ஆட்டுக்காரம்மா தொரட்டிக் கம்பைப் போட்டுவிட்டு ஆற்றுக்குள் ஓடி வந்தாள். அக்கரையில் இருந்த ஆடுகள் கத்திக்கொண்டு அவள் பின்னாலேயே தண்ணீரில் இறங்கின. “ஒங்க ஆடு!” என்றேன். “ஆடு கெடக்கு, ஆளப் பாரு!” என்றவள் குழிக்குள் கவிழ்ந்து அவர் தொடைக்கடியில் கையை விட்டாள். தண்ணீர் அவர் நெஞ்சுக்கு வந்தது. ஒரு கட்டை வந்து என் இடுப்பில் மோதியது. அவருடைய இடது கையைப் பிடித்தால் அது துணிபோல வழுக்கியது. அதனால் வலது கையை இரண்டு கையாலும் பற்றி, பாறையில் காலை ஊன்றி, மாட்டை இழுப்பதுபோல இழுத்தேன். தோளில் ஏதோ முறிகிற சத்தம் எனக்குக் கேட்டது. அவர் ஊளையிட்டார். நான் விடவில்லை, இன்னும் இழுத்தேன். மணல் ஒரு பெரிய உறிஞ்சலோடு அவரை விட்டது. மூன்று பேரும் உருண்டோம்.

கரையில் இருந்த நொச்சிப் புதரைப் பிடித்து எப்படி ஏறினோம் என்று எனக்கு நினைவில்லை. அவர் வேட்டி போய்விட்டது. வலது கை பின்பக்கம் திரும்பிக் கிடந்தது. நான் அவர் வாயில் இருந்த மணலை விரலால் வழித்தெடுத்தேன். அவர் என் விரலைக் கடித்துவிட்டார், வேண்டுமென்று இல்லை, பல் கிட்டிப்போனதால்.

ஆற்றில் ஒரு ஆடு சுழன்று வந்து பாறையில் அடிபட்டது. கழுத்து ஒரு பக்கமாக மடங்கிவிட்டது. அடுத்து ஒன்று. ஆட்டுக்காரம்மா ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். “சினையாடு” என்றாள். பிறகு தன் முந்தானையைக் கிழித்து அவர் இடுப்பைச் சுற்றிக் கட்டினாள். “கொழுந்தனாரே, மொளைச்சிட்டீரு போங்க” என்றாள். நாங்கள் யாரும் சிரிக்கவில்லை.

அன்று மத்தியானமே பெரியாஸ்பத்திரியில் அவர் தோளை இழுத்து ஏற்றிக் கட்டுப் போட்டார்கள். செத்த ஆடுகளில் சில கீழே தரைப்பாலத்தில் கிடைத்தன. மறுநாள் நான் மில்லுக்கு லீவு சொல்லிவிட்டு, அவருக்கு இரண்டு கையும் ஆகாததால் சோறு ஊட்டினேன்.