பேரையூருக்குப் போய்த் திரும்பிய நெட்டித் தேர்

பேரையூரில் மாசி மாத மாட்டுச் சந்தையோடு சேர்த்து ஒரு கைத்தொழில் கண்காட்சியும் நடக்கப் போகிறது, மதுரையிலிருந்து வந்து கடை போடுகிறவர்களுக்கு வாடகை இல்லாமல் இடம் உண்டு என்று தல்லாகுளத்தில் ஒரு குமாஸ்தா நண்பர் சொன்னார். வேறு யாராவது சொல்லியிருந்தால் காதில் போட்டுக்கொண்டிருக்க மாட்டேன். நான் தெற்குவாசல் பக்கம் இரண்டு தெருவைத் தாண்டிப் போவதற்கே மூன்று முறை யோசிக்கிறவன். ஆனால் இந்த வருஷம் எங்கேயாவது போய்த்தான் ஆக வேண்டியிருந்தது.

என் தொழில் நெட்டி வேலை. குளங்களில் வளரும் நெட்டியைக் காயவைத்துச் சீவி, அந்த வெள்ளைத் தக்கையில் கிளி, மயில், கூண்டு வண்டி, கோபுரம் என்று சின்னச் சின்னதாகச் செய்து விற்கிறோம். வெட்டுவதும் ஒட்டுவதும் நான். வண்ணம் தீட்டுவது என் தங்கை வள்ளியின் வீட்டுக்காரர் சண்முகம். அணில் வால் மயிரில் கட்டிய தூரிகையால் கடுகு அளவு முகத்தில் மூக்கும் முழியுமாக எழுதிவிடுவார். யுத்தம் தொடங்கியதிலிருந்து வண்ணம் விற்கும் விலையில் வாங்க முடியவில்லை. பொம்மை வாங்குகிறவர்களும் குறைந்துவிட்டார்கள். அதனால் ஒரே ஒரு பெரிய உருப்படியாகச் செய்து பார்ப்போம் என்று நாலு மாதம் உட்கார்ந்து ஒரு தேர் செய்தோம். ஒரு முழ உயரம், நாலு சக்கரமும் உருளும், உள்ளே விரல் நீளத்தில் அம்மன். விலை நாற்பது ரூபாய் என்று வைத்தோம்.

தேர் முடிந்த அன்று சண்முகம் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "இந்தத் தேர் வித்துச்சுன்னா இருக்கேன் மச்சான். விக்கலன்னா பட்டாளத்துல சேந்துடுறேன். வள்ளிகிட்ட இப்ப சொல்ல வேணாம்." வள்ளி அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மதுரையில் அந்தத் தேரைப் பார்க்காத பணக்காரர் பாக்கி இல்லை. எல்லோரும் பிரமாதம் என்றார்கள், ஒருவரும் வாங்கவில்லை. பேரையூர்தான் மிச்சம் இருந்தது.

காலை ஆறு மணி பாசஞ்சரில் கிளம்பினோம். மதுரையிலிருந்து திருமங்கலம் பன்னிரண்டு மைல், மூன்றாம் வகுப்பில் ஆளுக்கு மூன்றரை அணா. கண்ணாடி, நெட்டி மாதிரிச் சாமான் கொண்டுபோகிறவர்கள் பெட்டியை மேல் பலகையில் வைக்காதீர்கள், மடியில் வைத்துக்கொள்ளுங்கள். கால் மரத்துப்போகும், போகட்டும். திருப்பரங்குன்றத்தில் ஏறிய ஒரு அம்மாள் தன் கத்தரிக்காய்க் கூடையை என் பெட்டியின் மேல் வைக்கப் பார்த்தாள். நான் போட்ட சத்தத்தில், உள்ளே என்ன பாம்பா என்று கேட்டாள். திருமங்கலம் வரை அந்தக் கூடையிலிருந்து நான் கண்ணை எடுக்கவில்லை.

திருமங்கலத்தில் பஸ்ஸுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். வேப்பமரத்தடியில் பெட்டியைத் திறந்து பார்த்தேன். சந்தேகம் வந்தால் எனக்குத் திறந்து பார்த்தே தீர வேண்டும். நல்லவேளை பார்த்தேன், அல்லது பார்க்காமலே இருந்திருக்கலாம், இன்றைக்கு வரை தெரியவில்லை. உள்ளே திணித்திருந்த பஞ்சு உரசி அம்மன் முகத்தில் வண்ணம் போயிருந்தது. ஒரு கன்னமும் நெற்றியும் வெறும் தக்கையாகத் தெரிந்தன. சண்முகம் உடனே தூரிகையையும் வண்ணச் சிமிழையும் எடுத்து உட்கார்ந்துவிட்டார். நான் டிக்கெட் பார்க்கப் போனேன்.

இங்கே எங்கள் தொழிலில் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். விற்பனைக்குச் செய்கிற சாமி உருவத்துக்கு நாங்கள் கருவிழி எழுத மாட்டோம். புருவம், இமை எல்லாம் இருக்கும், நடுவில் வெள்ளையாக விட்டுவிடுவோம். அதுவரை அது பொம்மை. விலை பேசலாம், தலைகீழாகப் பிடித்துத் தூசி தட்டலாம். வாங்குகிறவர் நல்ல நாள் பார்த்துக் கூப்பிட்டால் அவர் வீட்டுக்கே போய் விழி எழுதிக் கொடுப்போம். அதற்கப்புறம் அது சாமி. எழுதிய கண்ணை அழிக்கிற துணிச்சல் எங்களில் யாருக்கும் கிடையாது.

திருமங்கலத்திலிருந்து கல்லுப்பட்டி வழியாகப் பேரையூர் பதினெட்டு மைல், ஆளுக்கு ஒன்பது அணா, பெட்டிக்குத் தனியாக இரண்டணா. பெட்ரோல் இல்லாத காலமாதலால் கரியில் ஓடுகிற பஸ். பின்பக்கம் ஒரு பெரிய அடுப்பைக் கட்டியிருப்பார்கள். அதிலிருந்து பொறி பறக்கும். நெட்டிக்கும் நெருப்புக்கும் எவ்வளவு தூரம் இருக்க வேண்டும் என்று உங்களுக்கே தெரியும். டிரைவருக்கு அடுத்த இடத்தைக் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிக்கொண்டேன். அவர் என் மடியைப் பார்த்துச் சிரித்தார். "என்ன அண்ணே, பொட்டிய பச்சப் பிள்ள மாதிரி வச்சிருக்கீக" என்றார். வழியில் இரண்டு இடத்தில் எல்லோரும் இறங்கித் தள்ளினார்கள். நான் பெட்டியோடு தள்ளியதால் ஒரு கையால்தான் தள்ளினேன், அதற்காகக் கண்டக்டர் என்னை முறைத்தார்.

இருபக்கமும் பருத்திக் காடு. கரிசல் மண் வெடித்துக் கிடந்தது. சண்முகம் பின் வரிசையில் உட்கார்ந்து வந்தார். அவர் என்ன யோசிக்கிறார் என்று எனக்குத் தெரியும், அதனால் நான் திரும்பிப் பார்க்கவில்லை.

பேரையூரில் தங்குவதற்குப் பள்ளிக்கூடத்தைத் திறந்துவிட்டிருந்தார்கள். பாய் கொண்டுபோவது நல்லது. மறுநாள் காலை எங்களுக்குக் கொடுத்த இடத்தைப் பார்த்ததும் பெட்டியைக் கீழே இறக்காமலே நின்றுவிட்டேன். நேர் எதிரே, நடுவில் ஒரு வண்டி போகிற அளவு பாதைதான், பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் கூடாரம். முறுக்கிய மீசையோடு ஒரு ஹவில்தார் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இடத்தை மாற்றித் தரச் சொல்லிக் கேட்டேன். முடியாது என்றார்கள்.

தேரை நடுவில் வைத்து, சுற்றிலும் கிளியும் வண்டியும் பரப்பினோம். முதலில் வந்தவள் பருத்தி எடுக்கப் போகிற ஒரு பெண். குனிந்து பார்த்தாள். சட்டென்று தலைச் சும்மாட்டை எடுத்துக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"ஆத்தா முழிச்சுப் பாக்குறாளே" என்றாள்.

நானும் குனிந்து பார்த்தேன். அம்மனுக்குக் கருவிழி இருந்தது. இரண்டு கண்ணிலும், எள்ளில் பாதி அளவு, பளிச்சென்று. சண்முகத்தைப் பார்த்தேன். அவர் முகம் வெளுத்துப்போனது. வேப்பமரத்தடியில் முகத்தைச் சரிசெய்தவர், மனசு எங்கேயோ இருக்க, கிளிக்கும் மயிலுக்கும் கடைசியில் கண் எழுதுகிற கைப்பழக்கத்தில் அம்மனுக்கும் எழுதி முடித்திருக்கிறார். எழுதியதே அவருக்கு நினைவில்லை.

அதற்குள் விஷயம் சந்தை முழுக்கப் பரவிவிட்டது. பூ வந்தது, குங்குமம் வந்தது, வாழைப்பழம் வந்தது. ஒருவர் கற்பூரத் தட்டோடு வந்தார். நான் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு தேருக்கு முன்னால் நின்றேன். தக்கை ஐயா, ஒரு நொடியில் எல்லாம் போய்விடும் என்று கும்பிட்டுச் சொல்லி, தட்டைப் பத்தடி தள்ளி வைக்கச் செய்தேன். அவர் போனால் இன்னொருவர். அன்றைக்கு நான் கற்பூரத்தைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை.

விலை கேட்க ஒருவரும் இல்லை. பத்து மணிக்கு ஒரு பருத்தித் தரகர் வந்தார். மதுரையிலேயே தேரைப் பற்றிக் கேள்விப்பட்டு, வாங்குகிற எண்ணத்தோடேயே வந்தவர். நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்த ஆள் அவர்தான். சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். பிறகு பின்வாங்கிவிட்டார். கடையில் கண்ணாடி அலமாரியில் அழகுக்கு வைக்கலாம் என்று நினைத்தாராம். கண் திறந்த அம்மனை அப்படி வைத்தால் குற்றமாகிவிடும், வைத்தால் நித்தம் பூஜை செய்ய வேண்டும், அதற்கு வீட்டில் வசதி இல்லை என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் வாங்கியிருக்க மாட்டேன்.

தரகர் போனதும் சண்முகம் தூரிகையைத் துடைத்துச் சிமிழ் மேல் வைத்தார். "போறேன் மச்சான்" என்றார். எங்கே என்று நான் கேட்கவில்லை. கையைப் பிடித்து நிறுத்தலாம் என்று ஓரடி எடுத்து வைத்தேன், ஒரு கிழவர் கற்பூரத்தை ஏற்றிவிட்டார். அதை அணைத்துவிட்டு நிமிர்வதற்குள் சண்முகம் கூடாரத்தில் ஹவில்தார் முன் நின்றுகொண்டிருந்தார். வள்ளியிடம் என்ன சொல்லுவேன் என்பது ஒன்றுதான் மனசில் ஓடியது.

உயரம் பார்த்தார்கள். மார்பு அளந்தார்கள். ஹவில்தாருக்குத் திருப்திதான் போல. பிறகு அவர் பிரம்பை நீட்டி, ஒரு நூறு கஜம் தள்ளியிருந்த புளியமரத்தைக் காட்டினார். "அந்த மரத்தடியில எத்தன மாடு நிக்குது?" என்று கேட்டார். அவர் குரல் எனக்கே நன்றாகக் கேட்டது.

சண்முகம் கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தார். "மாடா? வைக்கப்போருன்னுல நெனச்சேன்" என்றார்.

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். ஹவில்தார் சிரிக்கவில்லை. வேறு இரண்டு இடத்தைக் காட்டிக் கேட்டார். பிறகு, உனக்குத் தூரப் பார்வை இல்லையப்பா, ஊருக்குப் போ என்று அனுப்பிவிட்டார். எனக்கு ஓடிப்போய் அவர் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. சண்முகம் வந்த முகத்தைப் பார்த்ததும் அந்தச் சந்தோஷம் அப்படியே அடங்கிப்போனது. அவர் தேருக்குப் பின்னால் போய் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரத்தில் புளியமரத்தடி மாடுகளின் சொந்தக்காரர், பெருமாள் என்று பேர், இரண்டு காளைகளையும் அவிழ்த்து நேராக எங்கள் கடைக்கே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். பாதி கேலி, பாதி ரோஷம். "என் மாட்டயா வைக்கப்போருன்னீக? இப்பக் கிட்டக்க பாருங்க" என்றார்.

சண்முகம் எழுந்து பார்த்தார். பார்க்கப் பார்க்க அவருக்கு முகம் மாறியது. ஒரு காளையின் நெற்றியில் பிறைபோல ஒரு கறுப்புச் சுழி. இடது கொம்பு நுனியில் கொஞ்சம் உள்பக்கம் வளைந்திருந்தது. சுற்றி வந்தார், திமிலைத் தடவினார், தாடையைத் தொட்டுப் பார்த்தார். என்னிடம் கையை நீட்டினார். மிச்ச நெட்டியில் நான் கட்டை விரல் அளவுக்கு ஒரு காளையை வெட்டிக் கொடுத்தேன். அவர் அந்தச் சுழியையும் கொம்பையும் கழுத்துக் கயிற்றின் முடிச்சையும் கூட எழுதினார். கண் எழுதுகிற இடம் வந்ததும் தூரிகை நின்றுவிட்டது. என்னைப் பார்த்தார்.

"மாட்டுக்குக் கண்ணு வேணும்ல, எழுதுங்க" என்றார் பெருமாள்.

எழுதினார். பெருமாள் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு தன் காளைக்கே காட்டினார். விலை என்ன என்று கேட்டார், ஒன்றரை ரூபாய் என்றேன், பேரம் பேசவில்லை. அதற்கப்புறம் சந்தைக்கு வந்த வெள்ளாமைச் சம்சாரிகள் ஆளாளுக்குத் தங்கள் மாட்டை இழுத்துக்கொண்டு வந்து நின்றார்கள். இருட்டும் வரை வேலை செய்தும் முடியவில்லை. கையில் கொண்டுபோன கிளி மயில் எல்லாம் கூடத் தீர்ந்துவிட்டது. அடுத்த சந்தைக்கும் வரச் சொல்லி நிறையப் பேர் மாட்டின் அடையாளம் சொல்லிவிட்டுப் போனார்கள். தேர் மட்டும் அங்கேயே நின்றது.

மறுநாள் சாயங்கால பஸ்ஸில் திரும்பினோம். அம்மன் வருகிறாள் என்று டிரைவரே தன் பக்கத்து இடத்தைக் காலி செய்து கொடுத்தார், பெட்டிக்குக் காசும் வாங்கவில்லை. தேரை அங்கே கட்டி வைத்துவிட்டு நாங்கள் இருவரும் பின்னால் உட்கார்ந்தோம். மேற்கே சாப்டூர் மலைக்குப் பின்னால் பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. சண்முகம் வெகுநேரம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

"மச்சான், அந்த மலையில மரமெல்லாம் தனித்தனியாத் தெரியுமா?"

"தெரியும் மாப்ள."

"எல்லாருக்கும் நீலமாத்தான் தெரியும்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

எங்கள் கோபுரப் பொம்மைகளுக்குப் பின்னால் வைக்கிற திரையில் அவர் மலையை எப்போதும் ஒரு நீலத் தீற்றலாகத்தான் எழுதுவார். அது அவருடைய தனிப் பாணி என்று நானே எத்தனையோ பேரிடம் பெருமையாகச் சொல்லி விற்றிருக்கிறேன். கல்லுப்பட்டி வரும் வரை, எங்கே பாறை, எங்கே மரம், எங்கே பாதை போகிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தேன்.

இந்த மாதிரிச் சந்தைகளுக்குப் போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. பெரிய உருப்படியை நம்பிப் போகாதீர்கள், கட்டை விரல் அளவுச் சாமான்தான் விற்கும். பஞ்சு வைத்துத் திணிக்காதீர்கள், பழைய வேட்டித் துணி நல்லது. கையில் வெறும் நெட்டியும் வண்ணமும் எடுத்துப்போனால் அங்கேயே செய்து கொடுக்கலாம். சாமி உருவம் கொண்டுபோனால் பக்கத்தில் ஒரு குடம் தண்ணீர் வையுங்கள். சாப்பாட்டுக்குச் சந்தைக்குள் இருக்கிற கிளப்புக் கடை போதும், இரண்டணாவுக்கு வயிறு நிறையும், காப்பி மட்டும் குடிக்காதீர்கள்.

தேர் இப்போது வள்ளி வீட்டு மாடத்தில் இருக்கிறது. தினம் ஒரு பூ வைக்கிறாள். பட்டாள விஷயத்தைச் சண்முகமே அவளிடம் சொல்லிவிட்டார், அதனால்தான் இதை எழுதத் துணிந்தேன்.

ஊருக்கு வந்த அடுத்த நாளே அவரை மூக்குக்கண்ணாடிக் கடைக்குக் கூட்டிப்போனேன். ஒவ்வொரு கண்ணாடியாக மாட்டிப் பார்த்து, கடைசியில் ஒன்று சரியாக வந்தது. தெருவுக்கு வந்து நின்றார். எதிரே தெற்குக் கோபுரம். பிறந்ததிலிருந்து அதன் நிழலில்தான் இருக்கிறார், அந்தக் கோபுரத்தை நெட்டியில் நாங்கள் எத்தனை முறை செய்திருக்கிறோம் என்று கணக்கில்லை. தலையை அண்ணாந்தவர் அப்படியே நின்றுவிட்டார். பின்னால் வந்த ஜட்கா வண்டிக்காரர் திட்டினார், நான்தான் ஓரமாக இழுத்தேன்.

"மச்சான்" என்றார், மேலேயே பார்த்துக்கொண்டு. "அம்புட்டுப் பொம்மைக்கும் கண்ணு இருக்கு."