வள்ளியின் நெற்றி

சென்னையில் ஓர் அருங்காட்சியகம். காட்டு மரத்தடியில் ஒரு பெண் நிற்கும் பழைய ஓவியம். வரைந்தவர் பெயர் தெரியாதாம். அவள் நெற்றியை நோக்கி என் விரல் தானாகப் போனது.

"தொடாதீங்கம்மா" என்றார் காவலர்.

எழுபதுகளில், திருத்தணியில், எங்கள் கூடத்துச் சுவரில் மாட்டிய படத்திலும் இப்படி ஒருத்தி கிளையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். யாரென்றே தெரியாத அவளை வள்ளி என்று அம்மா முடிவு செய்துவிட்டாள். கிருத்திகைதோறும் குங்குமத்தைத் தண்ணீரில் குழைத்துப் பொட்டு வைப்பாள்.

படங்களுக்குச் சட்டம் போடும் பாய் ஒருநாள் பார்த்துப் பதறினார். "இது வள்ளி இல்லீங்கம்மா, யாரோ பொம்பள. ஈரக்கையால தொட்டுகினே இருந்தா சாயம் பூடும். கண்ணாடி போட்டுடறேன்."

"கண்ணாடிக்கா பொட்டு வைக்கிறது பாய்?" என்று அனுப்பிவிட்டாள் அம்மா.

அந்த வருஷம் தம்பிக்குக் காய்ச்சல் விடவே இல்லை. அம்மா தினமும் பொட்டு வைத்தாள். முதலில் நெற்றி கரைந்தது, பிறகு கண்கள்.

"நீயாவது சொல்லு நைனா" என்று அப்பாவிடம் கெஞ்சினேன்.

"என்னான்னும்மா சொல்றது?" என்றார்.

தம்பி போன பிறகு வந்த கிருத்திகையிலும் அம்மா குங்குமத்தைக் குழைத்துக்கொண்டு வந்தாள். முகமில்லாத படத்தின் முன் நின்று, எங்கே வைப்பதென்று தெரியாமல் என்னைப் பார்த்தாள்.

காவலர் இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். நீட்டிய விரலை எங்கே வைத்துக்கொள்வதென்று எனக்கும் தெரியவில்லை.